பகல் நித்திரை

பாக்கியரத்தினத்தின் நாய்க்குட்டி, பேணாட்டின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு பகல்கூட வாய் மூடியதில்லை.

தேயிலைக் கப்பலில் அந்த இரவு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரம் தூக்கும் வின்ச்சைப் பிடித்தவர் பேணாட். கயிற்றில் தொங்கிய பெட்டிகள் சரிந்தன. கப்பலின் வயிற்றுக்குள், நேர் கீழே நின்றவர் பாக்கியரத்தினம். அவர் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடக்கிறார். பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர். லிங்கநகரில் அவர் இருந்த அறையில் அவருக்கென்று இருந்த ஒரே உயிர் இந்தக் கபில நிறக் குட்டி. அதைத் தூக்கிச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த பேணாட், "அவன் எழும்பி வருமட்டும் இது இஞ்ச நிக்கட்டும்" என்றார். பிறகு அதிகம் கதைக்கவில்லை. நித்திரையும் கொள்ளவில்லை.

அந்த இரவு வின்ச் அருகே அவர் கண் அயர்ந்தாரா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மகள் அருள்மலர்தான் குட்டிக்குப் படுக்கை செய்தாள். துறைமுகத்தில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டி ஒன்று. உள்ளே பளபளவென்று ஈயத்தாள், விளிம்பில் தகரம். தகரத்தைத் தட்டி மழுக்கினாள். முன்பக்கத்துக்குச் சட்டம் அடித்து ஒரு கதவு வைத்தாள். பின்னேரங்களில் தட்டெழுத்து வகுப்புக்குப் போகிற பிள்ளை. எதையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். முதலில் கதவைத் திறந்தே வைத்துச் சோற்றை உள்ளே வைத்தாள். குட்டி தலையை நீட்டித் தின்றது. பிறகு உடம்பு முழுதும் உள்ளே போனது. பிறகு கதவைச் சாத்தி, உடனே திறந்து, "கெட்டிக்காரன்" என்றாள். இரண்டாம் இரவே அது பெட்டிக்குள் சுருண்டு படுத்துவிட்டது. இரவில் ஒரு முனகல் இல்லை.

பகலில்தான் இந்தக் கொடுமை.

அவர்களின் வீடு இருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் பகலில் சத்தம் போடுவது பெரிய குற்றம். ஒரு பக்கம் கப்பல் வேலைக்காரர், மறுபக்கம் இரவுக் கடலுக்குப் போகிறவர்கள். விடிந்த பிறகுதான் எல்லாருக்கும் இராத்திரி. மீன்காரன்கூட ஒழுங்கை முகப்பில் இறங்கி, கூவாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவான்.

அன்று காலை கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. பேணாட் வாசல் படலையில் கை வைத்ததுதான் தாமதம், குசினி மூலையில் இருந்த பெட்டிக்குள் குட்டி துள்ளி எழுந்தது. ஒரு சின்ன முனகல். பிறகு நீட்டி ஓர் ஊளை.

"தொடங்கிட்டுது" என்றாள் பேணாட்டின் பெண்சாதி சீலா. "மனிசன் உள்ள கால் வைக்க முந்தியே தொடங்கிட்டுது."

பேணாட் அறைக்குள் போய்ச் சாப்பாட்டுப் பையைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் கொழுவினார். திரும்பி வந்து நின்றபடியே தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார்.

"அப்பா, இண்டைக்கு ஈரப்பலா மரத்தடிக்குக் கொண்டு போறன். அங்க வைச்சா உங்களுக்குக் கேக்காது" என்றாள் அருள்மலர்.

"நேற்றுக் கிணத்தடி எண்டாய்."

"ஓம் அப்பா. அங்கயிருந்தும் கேட்டிட்டுது."

கோப்பையை வாய்க்குக் கொண்டு போனபோது அவர் கை நடுங்கியது. தேத்தண்ணி புறங்கையில் சிந்தியது. மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"இண்டைக்கு இரவு வின்ச் திரும்ப நான்தான் பிடிக்கோணுமாம். கங்காணி சொல்லிப் போட்டார்."

சீலா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏலாதெண்டு சொல்லுங்கோவன்."

"ஏலாதெண்டு சொன்னா, பிழை என்னிலதான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு கயிறு சுத்தக்கூட என்னைக் கூப்பிட மாட்டினம்."

"அப்ப போய் நித்திரை கொள்ளுங்கோ!"

"நித்திரை கடையில விக்குதே? நீ பாணுக்கு நிக்கிற கியூவில அதுக்கும் நிண்டு ஒரு றாத்தல் வாங்கிக்கொண்டு வாவன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவரே சிரிக்கவில்லை. "கீழ நிக்கிறவங்கட தலையெல்லாம் என்ர கையில கிடக்கு, சீலா" என்றார் மெதுவாக.

சீலா அதற்குத் தயாராகவே இருந்தாள். "கிளிவெட்டியில இருந்து தம்பிராசா அண்ணன் சந்தைக்கு வந்து நிக்கிறார். வயல் காவலுக்கு ஒரு நாய் வேணுமாம். பின்னேர லோஞ்சில மூதூருக்குத் திரும்பேக்க இதைக் கொண்டு போகட்டும். நான் சொல்லி அனுப்பிப் போட்டன்."

"அவன் எழும்பி, என்ர குட்டி எங்க எண்டு கேட்டா?"

"அதுக்கு முதல் இன்னொருத்தன் விழாம இருக்கோணும்."

பேணாட் கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அருள்மலர் பெட்டியைத் தூக்கினாள். பின்னேரம் அந்த லோஞ்ச் படகு போகுமட்டும்தான் அவளுக்குத் தவணை.

ஈரப்பலா மரம் வளவின் கடைசியில் நின்றது. அதற்கு அப்பால் கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் சுபைதாவும் புருசனும் இருக்கும் வீடு. நிழலில் பெட்டியை வைத்துப் பழைய சாக்கை மேலே போர்த்தினாள். சோற்று உருண்டையைச் சட்டத்தினூடாகப் போட்டாள். குட்டி மணந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கை வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு அழுதது. காற்று அந்த அழுகையை அள்ளிக்கொண்டு நேரே அப்பாவின் அறை யன்னலுக்குப் போனது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை? தன்னுடைய ஒழுங்கில் எப்போதும் இப்படி ஓர் ஓட்டை இருக்கிறது என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வேலிக்கு மேலாகச் சுபைதாவின் முக்காடு தெரிந்தது.

"என்ன புள்ள, இன்னும் பழகல்லியா?"

"இல்ல ராத்தா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. அண்ணனும் படுத்திருப்பார்."

"படுத்திருக்காரு. தலகணியால காதப் பொத்திக்கிட்டுக் கிடக்காரு. இந்தா." வேலி இடுக்கால் ஒரு சிரட்டை வந்தது. உள்ளே ஆட்டெலும்பு. "நாயத் தொட்டாத்தான் ஏழு தரம் கழுவோணும். எலும்பு குடுக்கிறதுக்கு ஒண்டும் கழுவத் தேவல்ல. போடு புள்ள, வாய் வேலையா இருந்தா அழுகை வராது."

எலும்பை உள்ளே வைத்தாள். குட்டி அதை மிதித்துக்கொண்டு நின்று அழுதது.

பெட்டியைச் சுற்றிச் சாக்கை இறுக்கினாள். உள்ளே பிறாண்டும் சத்தம் எழுந்தது. ஈயத்தாள் கிழிந்தது. சாக்கை விலக்கினால், முன்காலில் ஒரு நகம் பிய்ந்து இரத்தம். வீட்டுக்குள் அப்பாவின் கட்டில் கிறீச்சிட்டது. அவர் இருமினார். திரும்பக் கட்டில் கிறீச்சிட்டது.

அருள்மலர் கதவைத் திறந்து குட்டியை இழுத்து மடியில் வைத்தாள். "ஒரு மணித்தியாலம். எனக்கு ஒரேயொரு மணித்தியாலம் தா" என்று கெஞ்சினாள். அது அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. வீட்டையே பார்த்து வாயைத் திறந்தது. அவள் இரண்டு கையாலும் அந்த வாயைப் பொத்தினாள்.

சத்தம் நின்றது.

கைகளுக்குள் அதன் தாடை துடித்தது. கண்கள் உருண்டன. மூக்கையும் சேர்த்துப் பொத்திவிட்டாள் என்பது ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. கையை உதறினாள். குட்டி ஓடவில்லை. மடியிலேயே நின்று மூச்சு வாங்கி, திரும்ப அழத் தொடங்கியது. அவளும் அழுதாள்.

அறைக் கதவு திறந்தது. பேணாட் வந்து குசினிப் படியில் குந்தினார். கண் இரண்டும் மிளகாய் போட்டதுபோல் சிவந்திருந்தன.

"விடு பிள்ளை. அது என்னைக் கண்டுதான் அழுகுது. இரவெல்லாம் மூச்சுக் காட்டாமக் கிடக்குதெண்டு நீதானே சொன்னனி? நான் வந்தாத்தான் தொடங்குது. அதுக்குத் தெரியும்."

"நாய்க்கு என்னப்பா தெரியும்?"

சொன்னாள், ஆனால் குரலில் உறுதி இல்லை. அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

வெய்யில் உச்சியைத் தாண்டியபோது தம்பிராசா வந்து சேர்ந்தார். தோளில் சால்வை, கையில் மூடி வைத்த ஓலைக் கூடை. படலையிலிருந்தே உரத்துக் கதைத்துக்கொண்டு வந்தவரைச் சீலா வாயில் விரல் வைத்து அடக்கினாள்.

"ஓ, இஞ்ச பகலில இராத்திரி எல்லே. மறந்து போனன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தினார். "காது நல்லாத்தான் நிக்குது. இரவில நல்லாக் குலைப்பாரோ?"

"இல்ல மாமா" என்றாள் அருள்மலர். "இரவில நல்ல நித்திரை. பகலிலதான் சத்தம்."

தம்பிராசா அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? பன்றி வயலுக்கு வாறது இரவில. இரவில நித்திரை கொள்ளுற நாயைக் கொண்டு போய் நான் பன்றிக்குத் தாலாட்டே பாடுறது?"

"அண்ணை, பழக்கினாச் சரிவரும்" என்றாள் சீலா அவசரமாக.

"பாப்பம், பாப்பம். ஆற்ர நாய் இது?"

"அப்பாவோட வேலை செய்யிற பாக்கியரத்தினம் மாமான்ர."

"ஆ, அந்தக் கப்பலில விழுந்த மனிசனோ. அவரும் இரவு வேலைக்காரன்தானே. நாயும் அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தம்பிராசா கூடையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

அருள்மலர் அசையாமல் நின்றாள்.

இரவு வேலைக்காரனின் நாய். இரவில் அறையைப் பூட்டிவிட்டு அவர் போய்விடுவார். தனியே கிடந்து அதற்குப் பழக்கம். விடிந்ததும் அவர் வருவார். அப்பா வருகிற அதே நேரம். கதவைத் திறப்பார், படுப்பார். குட்டி அவரோடு ஒட்டிக்கொண்டு படுக்கும். பகல்தான் அது ஆளோடு படுக்கிற நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் இவள் ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கிக்கொண்டு போய், குசினியில், கிணற்றடியில், மரத்தடியில் என்று மேலும் மேலும் தூரத்தில் வைத்தாள்.

"மாமா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "லோஞ்சுக்கு நேரம் இருக்குத்தானே?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நடந்ததைக் கண்டு சீலா பின்னால் ஓடி வந்தாள்.

"எடியே, உனக்கு விசரே? அந்த மனிசன்ர காதுக்குள்ள கொண்டு போய் வைக்கப் போறியோ?"

"ஓம் அம்மா."

பேணாட் திரும்பவும் கட்டிலில் கிடந்தார், கண் விழித்தபடி. அருள்மலர் பெட்டியை நிலத்தில் வைத்தாள்.

"அப்பா, பாக்கியரத்தினம் மாமா எதில படுக்கிறவர்?"

"நிலத்திலதான். பாயில. ஏன்?"

"நீங்களும் கீழ படுங்கோ."

அவர் ஏனென்று கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் இல்லை. பாயை விரித்துக் கொடுத்தாள், இறங்கிப் படுத்தார். பெட்டிக் கதவைத் திறந்தாள். குட்டி வெளியே வந்தது. அழுகை முனகலாக இறங்கியது. அவர் காலை மணந்தது, கையை மணந்தது. அருள்மலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குட்டி அவரைக் கடந்து சுவரடிக்குப் போனது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையைப் பார்த்து ஊளையிட்டது.

அருள்மலர் பைக்குக் கை நீட்டினாள்.

"தொடாதை!"

அப்பா அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த இரவுக்குப் பிறகு அவர் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தானே கழுவுகிறார். தானே பைக்குள் வைக்கிறார். பையை ஒருவர் கையிலும் கொடுப்பதில்லை.

பேணாட் எழும்பிக் குந்தினார். குட்டியையே பார்த்தார். அது தாவியது, விழுந்தது, திரும்பத் தாவியது. நகம் பிய்ந்த கால் சுவரில் சிவப்பாகக் கீறியது. அவர் மெல்ல எழுந்து பையை இறக்கினார். பாத்திரத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த துவாய் ஒன்றை எடுத்தார். தேயிலைத் தூசியும் வியர்வையும் ஊறிப் பழுப்பேறிய துவாய்.

"அவன்ர" என்றார். "தலையில கட்டுறவன். தூக்கேக்க கழண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில குடுப்பமெண்டு ஒவ்வொரு நாளும் கொண்டு போறன். வாட்டு வாசல் மட்டும் போறன். அதுக்கு அங்கால கால் வைக்க ஏலாமக் கிடக்கு, பிள்ளை."

சீலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அருள்மலர் குட்டியின் பக்கம் கை காட்டினாள். "அப்பா, அது உங்களைக் கண்டு அழயில்ல. நீங்கள் படலையைத் திறக்கேக்க மாமான்ர மணம் வருது. அவர் வாறார் எண்டுதான் ஒவ்வொரு நாளும் எழும்பிப் பாத்திருக்கு. மணம் உள்ள போகுது, ஆள் வரயில்ல. நாங்கள் அதைத் தூக்கித் தூர வைக்கிறம். அழாம என்ன செய்யும்?"

பேணாட் முழங்காலிட்டு, துவாயைப் பெட்டிக்குள் விரித்தார். விரிக்கும்போதும் கை நடுங்கியது.

குட்டி அவர் கையோடு ஒட்டிக்கொண்டே உள்ளே போனது. ஒருமுறை சுற்றியது. இன்னொரு முறை சுற்றியது. துவாயின் மடிப்புக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு விழுந்தது. நீண்ட பெருமூச்சு ஒன்று, மனிதர் விடுவதுபோல்.

"கதவைச் சாத்தவோ?" என்று சீலா கிசுகிசுத்தாள்.

"வேண்டாம்" என்றார் பேணாட். பெட்டியருகே பாயில் சாய்ந்து, கையை உள்ளே விட்டு அதன் முதுகில் வைத்தார். அந்தக் கையின் நடுக்கம் குட்டியின் மூச்சோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கை அடங்கிய பிறகு கண்ணும் மூடியது. முதல் குறட்டை வந்தபோது சீலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளியே தம்பிராசா வெறுங்கூடையைத் தோளில் மாட்டினார். "நல்லது, நல்லது. பன்றியளை நானே கலைக்கிறன்" என்று காதோடு சொல்லிவிட்டுக் குதிக்காலைத் தூக்கி நடந்து போனார்.

தாயும் மகளும் குசினியில் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். ஒழுங்கை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சுபைதா வீட்டில் யாரோ கிணற்றில் வாளியைப் பையப் பைய இறக்கினார்கள். அருள்மலருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு காதை அறைப் பக்கமே வைத்திருந்தாள்.

அப்போதுதான் படலையடியில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

ஜெமீல். பேணாட்டோடு அதே கப்பலில் வேலை செய்கிறவன். மணி அடிக்கவில்லை, அவனும் பகலில் படுக்கிறவன்தான். ஆனால் முகத்தைப் பார்த்ததுமே அருள்மலர் ஓடி வந்தாள்.

"தங்கச்சி, பேணாட் அண்ணன எழுப்புங்க. பாக்கியரத்தினம் அண்ணன் கண் முழிச்சிட்டார்."

"மாதாவே!"

"கதைக்கிறார். பேணாட் வந்தானா, பேணாட் வந்தானா எண்டு கேட்டுக்கிட்டே இருக்கார். பின்னேரம் அந்த விபத்த விசாரிக்க ஐயா ஒருத்தர் வாறாராம். அவர்ர கதைக்கு முதல் பேணாட்டோட தனிய ஒரு கதை கதைக்கோணுமாம். என்னெண்டு கேட்டேன். எனக்குச் சொல்ல மாட்டாராம்."

அருள்மலர் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அறைக்குள் குறட்டை ஒரே சீராகக் கேட்டது. எழுப்பினால் அவர் அந்த வாசலைத் தாண்டுவாரா? தாண்டினாலும், நித்திரை இல்லாத இந்தக் கையோடு இரவு வின்ச்சில் ஏறுவார். எழுப்பாவிட்டால், அந்த ஐயா எதைக் கேட்கப் போகிறார், பாக்கியரத்தினம் மாமா எதைச் சொல்லப் போகிறார்?

இரண்டும் பிழை என்று பட்டது. எது சின்னப் பிழை என்று ஆற அமர யோசிக்க நேரம் இல்லை.

"அம்மா, நீங்கள் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில இருங்கோ. அப்பான்ர கை விலகினா உங்கட கையை வையுங்கோ."

"நானோ? அந்த நாயிலையோ?"

"ஓம் அம்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

சீலா காலைக் கழுவித் துடைத்து, சத்தம் வராமல் அறைக்குள் போனாள்.

அருள்மலர் குடையை எடுத்தாள். காற்று அதை விரிக்க விடவில்லை. மடித்துக் கையில் பிடித்துக்கொண்டே வெய்யிலில் நடந்தாள். போய் என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒழுங்குபடுத்தினாள். முதலில் அப்பா நித்திரை என்று சொல்ல வேண்டும். பிறகு குட்டி சுகம் என்று. பிறகு... ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வந்து தடுக்கியது.

ஆஸ்பத்திரியில், அப்பா திரும்பி வந்த வாட்டு வாசலை அவள் நிற்காமல் கடந்தாள். கடைசிக் கட்டில் என்று ஜெமீல் சொல்லியிருந்தான். அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரையின் கீழே, மினுக்கிய கறுப்புச் சப்பாத்து இரண்டு தெரிந்தன.

ஐயா முந்திக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரேயொரு கேள்விதான்" என்றது ஒரு நிதானமான குரல். "யோசிச்சுச் சொல்லுங்கோ. பெட்டி சரியேக்க நீங்கள் மேல பாத்தனீங்கள் எண்டு சொல்லுறீங்கள். வின்ச் பிடிச்ச ஆள் நித்திரையிலயோ இருந்தவர்?"

அருள்மலரின் கையில் குடை இறுகியது.

திரைக்குப் பின்னால் பாக்கியரத்தினம் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.